அம்மாவின் கை நின்ற பக்கங்கள்

பிள்ளைகளுக்கு என்ன கதைப்புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். குமணன்சாவடி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பெற்றோர் கூட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என் அறையையும் எட்டிப் பார்ப்பார்கள். பையன் எப்போதும் போனும் கையுமாக இருக்கிறான், பொண்ணு பாடப்புத்தகம் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறாள், நல்லதாக நாலு புத்தகம் சொல்லுங்கள் மிஸ் என்பார்கள். சாகசக் கதை ஒன்று, பள்ளிக்கூடக் கதை ஒன்று என்று எடுத்துக் கொடுப்பேன்.

ஒரு தடவை ஐடி கம்பெனியில் வேலை செய்யும் அப்பா ஒருவர், எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று விடாமல் கேட்டார். பிள்ளையின் வயது, மொழியின் எளிமை, எழுத்தின் அளவு என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அது உண்மையில்லை. எங்கள் அம்மாவின் கை எந்தப் புத்தகத்தில் நின்றதோ அந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் வீடு திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால். ஷீட் போட்ட ஒற்றை அறை, ஓரமாகத் தடுத்த அடுப்படி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, வரவேண்டும் என்றும் நினைக்கவில்லை. அப்பாவை நைனா என்று கூப்பிடுவேன். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அம்மா காலையில் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைத்துவிட்டு வருவாள். மதியத்திலிருந்து வீட்டில் பிசிறு வெட்டுவாள்.

எஸ்டேட்டில் ரப்பர் வாஷர்களை அச்சில் வார்க்கும்போது ஓரத்தில் தோல்போல மெல்லிசாகப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். வாஷரில் கீறல் படாமல் அதைச் சின்னக் கத்தரியால் சுற்றி வெட்டி எடுக்கவேண்டும். மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள், வெட்டி வைத்ததை மறுநாள் வந்து எடுத்துப் போவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை. அம்மாவின் விரல்நுனிக் கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டும்போதெல்லாம் அதில் ரப்பர் வாசனை இருக்கும். வெகுநாள் வரைக்கும் சோற்றின் வாசனையே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

நான் நாலாவது படித்தபோது, அம்மா வேலை செய்த வீடு ஒன்றில் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். அவர்கள் பிள்ளையின் பழைய புத்தகங்கள் வாசலில் குவிந்து கிடந்தன, பழைய பேப்பர்காரருக்குப் போட. எம்பொண்ணு படிக்குது, ரெண்டு எடுத்துக்கட்டுமா என்று அம்மா கேட்டிருக்கிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால் அட்டையை வைத்துப் பிரித்திருக்கிறாள். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் படம் இருந்தால் பாடப்புத்தகம். வேறு படம் இருந்தால் கதைப்புத்தகம். கதைப்புத்தகம் அவளுக்கு வேண்டாம். அந்தக் கணக்கில், ஆப்பிள் படம் போட்ட கணக்குப் பயிற்சிப் புத்தகத்தையும் ராக்கெட் படம் போட்ட பொது அறிவுப் புத்தகத்தையும் கதை என்று ஒதுக்கிவிட்டு, பள்ளிக்கூட நாவல்களையும் யூனிஃபார்மோடு படகு ஓட்டும் பையன்களின் சாகச நாவலையும் பாடம் என்று சுமந்துகொண்டு வந்துவிட்டாள்.

"இந்தா, பெரிய ஊட்டுப் புள்ளைங்க படிக்கிற பாடம். ஒரு எழுத்து உடாம படிக்கணும்."

நான் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நான் படிக்கும்போது டிவி கூடாது. நைனா சத்தமாக இருமினால்கூட, பொண்ணு பாடம் படிக்குது என்று அம்மா கையால் சைகை காட்டுவாள். இப்படியே சில நாள் போனது. ஒரு மதியம், விடுதிப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் நாய்க்குட்டியை ஒளித்து வைத்திருக்கிற இடம் வந்தது. வார்டன் உள்ளே வரும்போது நாய்க்குட்டி தும்மும். தும்மியது தான்தான் என்று ஒவ்வொரு பெண்ணாக எழுந்து தும்மிக் காட்டுவாள். என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன்.

கத்தரிச் சத்தம் நின்றது. "இன்னாடி, பாடம் படிச்சிக்கினே சிரிக்கிற? பாடம் படிச்சா சிரிப்பு வருமா?"

கதை என்று சொன்னேன். புத்தகங்களை எடுத்துக்கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிடுவாள் என்று பயந்தேன். அவள் புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுங்கல்லாம் யூனிபாரம் போட்டுக்கினு கீதே என்றாள், அட்டையில் இருந்த பிள்ளைகளே அவளை ஏமாற்றிவிட்டதுபோல. பிறகு வாஷரை எடுத்துக்கொண்டு, சரி, இன்னா சிரிப்புன்னு எனுக்கும் சொல்லு என்றாள்.

எங்கள் படிப்பு அப்படி ஆரம்பித்தது. நான் உரக்கப் படிப்பேன், அவள் பிசிறு வெட்டுவாள். ஒரே ஒரு கட்டளை போட்டாள்: வரிக்கு அடியில் விரல் வைத்துப் படிக்கவேண்டும்.

"நீயா கத உட்றியா, எழுதிகீறதத்தான் படிக்கிறியான்னு எனுக்கு எப்டித் தெரியும்? வெரல வச்சிப் படி."

விரல் நகர்ந்தால் படிக்கிறேன். விரல் நின்று வாய் மட்டும் நகர்ந்தால் கதை விடுகிறேன். கல்லூரிக்குப் போன பிறகும் அம்மாவுக்குப் படிக்கும்போது மட்டும் விரல் வைத்துத்தான் படித்தேன். ஒவ்வொரு நாளும் படித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி, மீதிப் பக்கங்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பாள். பிறகு அதே இடைவெளியோடு விரல்களைக் காற்றில் தூக்கிக் காட்டுவாள். "இன்னும் இம்மாம் கீது." அந்த இடைவெளி சிறுத்துக்கொண்டே வரும்போது அவள் முகம் வாடும்.

கதையில் வருகைப்பதிவு வந்தது. பேரைக் கூப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்போம் என்று சொன்னேன். தினமுமா கூப்பிடுவார்கள், எல்லார் பேரையுமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். தினமும் ஒருத்தர் தன் பேரைச் சொல்லி, வந்திருக்கிறாயா என்று விசாரிப்பது அவளுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. அதற்குப் பிறகு நான் பையோடு வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து பதில் வரும்: "உள்ளேன் ஐயா." நைனா தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், எங்கூட்ல ஆத்தாளும் மவளும் ஸ்கூலு நடத்துறாளுங்க, நான்தான் வாச்மேனு என்று.

கை நிற்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். கதை சுமாராக இருந்தால் கத்தரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். விறுவிறுப்பாகப் போனால் கத்தரியும் விரையும். ஆனால் ஏதோ ஒரு இடத்தில், நான் எதிர்பார்க்காத இடத்தில், கை அப்படியே நின்றுவிடும். வாஷர் ஒரு கையில், கத்தரி ஒரு கையில், பார்வை என் விரல்மேல். அந்தப் பக்கத்தை முடித்ததும், அத்த இன்னொரு வாட்டி படி என்பாள்.

சாகசக் கதைகளில் கை அவ்வளவு எளிதில் நிற்காது. கடத்தல்காரர்களைத் தேடிப் பிள்ளைகள் குகைக்குள் போய், வெளியே வர வழி இல்லாமல் தவிப்பார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பேன். அம்மா வெட்டிக்கொண்டே கேட்பாள்: "ஏம்மே, இந்தப் புள்ளைங்கள பெத்தவங்க தேடவே மாட்டாங்களா? சோறு யாரு குடுத்தது?" பையில் பிஸ்கட் கொண்டு போனார்கள் என்பேன். "பிஸ்கட்ட துன்னுட்டு மலை ஏறிச்சிங்களாம்" என்று சிரிப்பாள். படகு ஓட்டும் பையன்களும் அவளிடம் தேறவில்லை.

ஒரு சாகசக் கதையில்தான் கை நின்றது. பெரிய பிள்ளைகள் கிணற்றுக்குள் இறங்குவார்கள். எல்லாரிலும் சின்னவளை மேலேயே நிற்கச் சொல்லிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். மழை வரும். கை தோல் உரியும். கீழே போனவர்கள் அவளை மறந்துவிட்டு வேறு வழியாக ஏறிப் போய்விடுவார்கள். அவள் கயிற்றை விடமாட்டாள். அந்த இடத்தில் அம்மாவின் கத்தரி பிசிறைத் தாண்டி வாஷரையே வெட்டிவிட்டது. "போச்சி, இந்தக் கதைக்கு ஒரு வாஷர்" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. இப்போதும் யாராவது சாகசக் கதை கேட்டால் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் கொடுக்கிறேன். கிணற்றுக்குள் இருக்கும் புதையலைப் பற்றிப் பிள்ளைகள் பேசுவார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவளைப் பற்றி ஒருத்தியாவது கேட்டால் எனக்கு அன்றைய நாள் நன்றாகப் போகும்.

பள்ளிக்கூடக் கதைகளில் கை அடிக்கடி நிற்கும். யூனிஃபார்ம் துவைத்துக் காயாததால் ஒருத்தியை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தபோது நின்றது. பக்கத்தில் உட்கார்ந்தவள் பெஞ்சுக்கடியில் டப்பாவைத் திறந்து பாதிச் சோற்றைத் தள்ளிக் கொடுத்தபோது நின்றது. கரும்பலகையைத் துடைக்கத் தன்னைக் கூப்பிடமாட்டார்களா என்று ஒருத்தி வருஷம் முழுக்கக் காத்திருந்தபோது நின்றது. எனக்கு அதெல்லாம் சாதாரணம், தினமும் பார்ப்பது. கடலும் குகையும்தான் எனக்கு வேண்டும். அம்மாவுக்குக் கிடைக்காதது வகுப்பறை. சாகசம் அவளுக்கு அங்கேதான் இருந்தது.

நான் பட்டப்படிப்பு முடித்து, நூலகப் படிப்பும் படித்து, இந்த வேலைக்கு வந்தேன். காலையில் ஆவடி போய் அங்கிருந்து பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். முதல் சம்பளத்துக்கு முன்னாடியே முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆண்டு விழா அன்று அம்மாவை அழைத்துப் போய் நூலக அறையைக் காட்டினேன். அலமாரிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், இதில் நாம் படித்தது எதெது என்று கேட்டாள். தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "அப்ப மீதியெல்லாம் இனிமேட்டுதானா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் பள்ளிக்குப் புதிதாக வாங்கிய புத்தகங்களில் ஒரு பள்ளிக்கூட நாவல் இருந்தது. கிராமத்துப் பள்ளி. நன்றாகப் படிக்கும் ஒரு பெண், அம்மா செங்கல் சூளைக்குப் போவதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவாள். கதையைச் சொல்வது அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி. வகுப்பு ஆசிரியைக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும். அவள் வராவிட்டாலும் தினமும் காலையில் அவள் பேரைக் கூப்பிடுவார். ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு அடுத்த பேர்.

அந்த இடத்தில் அம்மாவின் கை நின்றது. நான் பக்கத்தை முடித்த பிறகும் வெட்ட ஆரம்பிக்கவில்லை.

"அந்த டீச்சரு ஊட்டாண்ட வரும் பாரு" என்றாள். "இம்மாம் பாசமா கூப்புடுது. வராம பூடுமா?"

அப்புறம் சொன்னாள், அதுவரை என்னிடம் சொல்லாததை. அவளையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். சில வாரம் போயிருக்கிறாள், பதிவேட்டில் அவள் பேர் இன்னும் ஏறவில்லை. அதற்குள் தம்பி பிறந்து, அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் அதே தெருக்கோடியில்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, டீச்சர் வந்து கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். டீச்சர் அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்.

"ஒரு நாளுகூட திரும்பிப் பாக்கல. எம்பேரு தெரிஞ்சிருக்காது, அதான்." வாஷரை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். "இந்த டீச்சரு வரும். நீ வேணா பாரு."

மீதிப் பக்கங்களை விரலால் பிடித்துக் காட்டினாள். கொஞ்சம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம் என்று வைத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், வேலை செய்த வீட்டில் துடைப்பத்தோடு கீழே விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நைனா வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது எல்லாம் அவர்தான் செய்தார். அவ்வளவு மென்மையான கை அவருக்கு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூட்டை கொண்டுவருகிறவர் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கத்தரி வைக்கும் டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கிறதா என்று தெரியவில்லை. கண் திறந்திருக்கும். நாம் பேசினால் சில சமயம் நம் பக்கம் வரும், சில சமயம் கூரைக்குப் போய்விடும். கதை படித்துக் காட்டினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நாய்க்குட்டி தும்மும் கதையைப் படித்தேன். கயிறு பிடித்த சின்னவளைப் படித்தேன். பள்ளியிலிருந்து புதிதாகச் சிரிப்புக் கதைகள் எடுத்து வந்து படித்தேன். நல்ல புத்தகம் எது என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே அளவு அவள் கை. இப்போது எந்தப் பக்கத்தைப் படித்தாலும் கை நின்றேதான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற எனக்கு, அம்மாவுக்கு எதை எடுப்பது என்று தெரியவில்லை.

பாதியில் விட்ட அந்த நாவலை மட்டும் நான் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அதன் கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டேன். டீச்சர் வரவில்லை. வருஷம் முழுக்கப் பேரைக் கூப்பிடுகிறார். அடுத்த வருஷம் பதிவேடு மாறுகிறது, அதில் அந்தப் பேர் இல்லை. அவ்வளவுதான் கதை.

ஒரு நாள் மாலை, வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, பையிலிருந்து ஏதோ ஒரு சாகசக் கதையை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு வரி படித்திருப்பேன். அம்மாவின் இடது கை பாயிலிருந்து மேலே எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சமாக விலகி நின்றன.

இன்னும் இம்மாம் கீது.

நைனாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். என்ன கேட்கிறாள், தண்ணியா என்றார். நான் அழுததைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். அவள் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் படித்த எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, படிக்காத அந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நாவலை எடுத்து வந்தேன். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் பார்வை புத்தகத்துக்கு வந்து நின்றது. பேர் கூப்பிடுகிற பக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு தடவையும் அவள் கண் என் முகத்துக்கு ஏறி, மறுபடி புத்தகத்துக்கு இறங்கியது. கடைசி அத்தியாயம் வந்தது. என்னால் முடியவில்லை. ஒரு சாயங்காலம் டீச்சர் குடையோடு அந்தத் தெருவுக்குள் வந்தார் என்று சொன்னேன். வீடு வீடாக விசாரித்தார், வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்து நின்ற பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று சொன்னேன். எனக்கே அது நிஜமாக எழுதியிருப்பதுபோல வந்துகொண்டிருந்தது.

என் கைமேல் அம்மாவின் இடது கை வந்து விழுந்தது. கனமாக இருந்தது. அது என் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்தது. நான் வரியை விட்டு விரலை எடுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அம்மா என் விரலை இழுத்துப் பக்கத்தின் மேல் வைத்து அழுத்தினாள். ஏதோ ஒரு வரி. அவளுக்கு அது எந்த வரி என்று தெரியாது. அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எழுதியிருப்பதைப் படித்தேன். டீச்சர் வரவில்லை என்று படித்தேன். புதுப் பதிவேட்டில் அந்தப் பேர் இல்லை என்று படித்தேன். என் விரல் நகர அவள் கையும் கூடவே நகர்ந்து வந்தது. கடைசி வரியில் இரண்டு கையும் நின்றன. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துக்கொண்டாள். நான் புத்தகத்தை மூடினேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு விரலைத் தூக்கிக் காட்டவில்லை. அந்த மாதமே இன்னொரு தடவை தாக்கி, ஒரு மதிய வேளையில் போய்விட்டாள். நான் பஸ்ஸில் இருந்தேன்.

புத்தகத்தைப் பள்ளி அலமாரியில் திருப்பி வைத்தேன். எந்தப் பிள்ளைக்கும் நானாக எடுத்துக் கொடுக்கவில்லை. முடிவு நல்லதாக இருக்கிற கதையாகக் கொடுங்கள் மிஸ் என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள், அதற்கு நிறையப் புத்தகம் இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, திருமழிசையிலிருந்து வருகிறவள், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அவளாகவே அதை எடுத்துக்கொண்டு போனாள். வாரம் முடிவதற்குள் கொண்டுவந்து என் மேஜையில் பொத்தென்று வைத்தாள்.

"இன்னா மிஸ் இது? அந்த டீச்சர் கடசி வரிக்கும் வர்ல."

"ஆமா, வரல" என்றேன்.

"நான் எழுதியிருந்தா வர வச்சிருப்பேன்."

நானும் வர வைத்துப் பார்த்தேன், எங்கள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அம்மா வாழ்க்கையில் கேட்ட கதைகளிலேயே இது ஒன்றுதான் அவளுடையது, அதை மாற்ற அவள் என்னைக்கூட விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்ல வரவில்லை. எழுதியிருப்பதைத்தான் படிக்கணும் என்பார்கள் எங்கள் அம்மா என்று மட்டும் சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை. வேறு புத்தகம் எடுக்கப் போனவள் அலமாரியிலிருந்து திரும்பி வந்தாள்.

"மிஸ், அந்தப் பொண்ணு வர மாட்டான்னு தெரிஞ்சும் இன்னாத்துக்கு மிஸ் அந்த டீச்சர் டெய்லி பேரக் கூப்புட்டுக்கினே கீது?"

கூப்பிட்டுப் பழகிவிட்டது என்றேன். அவள் அடுத்ததாக எடுத்தது கயிறு பிடித்தவளின் கதை. நானாக எதுவும் சொல்லவில்லை. பேரை எழுதிக்கொண்டு கொடுத்து அனுப்பினேன். பெற்றோர் கேட்டால் இனி இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

அன்றைக்குப் பூந்தமல்லியில் பஸ் கிடைக்க நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாய் தன்னால் அம்மா என்றது. தினமும் அப்படித்தான் ஆகிறது. அடுப்படியில் நைனா கொதிக்கிற உலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் திரும்பவில்லை. கரண்டியை மட்டும் சத்தம் வராமல் கீழே வைத்தார். பிறகு நான் உள்ளே போனேன்.